படுத்திருக்கும் எஞ்சினில் ஆறு பிளக்: போர்ஷேக்கு நீங்களே ஸ்பார்க் பிளக் மாற்றும் முறை

ஷெட்டுக்குள் துணி போர்த்தி நிற்கும் போர்ஷேவுக்குக் கிலோமீட்டர் ஏறாது, வருஷம் ஏறும். நோம்பிக்கு ஒரு நாள், மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஒரு சுற்று என்று ஓடும் காருக்கு, "இன்னும் இருபதாயிரம்கூட ஓடலையே, பிளக் எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்வி வருவது நியாயம்தான். பதில் பிளக்கின் நெருப்பு முனையில் இல்லை, மரையில் இருக்கிறது. பிளக்கின் உடம்பு எஃகு, அது திருகி நிற்கும் எஞ்சின் ஹெட் அலுமினியம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நடுவில் ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பத்து வருஷம் அப்படியே விட்ட பிளக்கைக் கழற்றும்போது ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடக்கூடும். பிளக் தேய்ந்தால் பிளக்கை மாற்றலாம். மரை போனால் செலவு வேறு கணக்கு. அதனால் கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நாலு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவதே நல்லது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் காரை விரட்டுகிறவர்கள் அதற்கும் முன்னாலேயே ஒரு முறை கழற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே சொல்வது பாக்ஸ்டர், கேமன், 911 கரேரா ஆகிய கார்களில் 2008 வரை வந்த ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சினுக்கு, அதாவது 986, 987, 996, 997 என்று அழைக்கப்படும் தலைமுறைகளுக்கு. 2009 மாடலில் எஞ்சினே மாறிவிட்டது, அதற்கு அளவுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். 911 டர்போவும் ஜிடி3-யும் வேறு எஞ்சின். வேறு கம்பெனி கார் என்றால் எண்ணிக்கையே மாறும்: லம்போர்கினி கலார்டோவின் வி10-க்குப் பத்துப் பிளக், மெர்சிடிஸின் எம்113 வி8-க்குச் சிலிண்டருக்கு இரண்டு வீதம் பதினாறு. வேலையின் அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எட்டும் வழிதான் ஒவ்வொன்றிலும் வேறு.

பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை, இடமும் வலமும் மூன்று மூன்றாகப் படுத்திருக்கும். அதனால் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் எஞ்சினின் மூடியைத் திறந்து மேலிருந்து பிளக்கைத் தொட முடியாது. பின் சக்கரங்களைக் கழற்றி, பக்கவாட்டிலும் அடியிலும் இருந்து கை நுழைக்க வேண்டும். பிளக்கும் படுத்தே இருக்கும். இந்த ஒரு விஷயம்தான் மற்ற எல்லாச் சிக்கலுக்கும் காரணம், கீழே திரும்பத் திரும்ப வரும்.

வாங்கி வைக்க வேண்டியவை

பிளக் ஆறு. காரின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அதற்குரிய பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். "இதே சைஸ்தான், போட்டுக்கலாம்" என்று கடையில் எடுத்துக் கொடுப்பதை வாங்க வேண்டாம். மரை 14 மி.மீ. பொருந்தினாலும் வெப்ப எண்ணும் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் காட்டுவது) முனையின் நீளமும் வேறாக இருந்தால் எஞ்சினுக்குள் வேறு கதை நடக்கும். இந்த எஞ்சின்களுக்கு வரும் பிளக்குகளில் நடு முனையைச் சுற்றி இரண்டோ நாலோ கொம்புகள் இருக்கும். இவற்றின் இடைவெளி தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டது. பழைய பைக் பிளக்கைத் தட்டிச் சரிசெய்யும் பழக்கத்தில் ஃபீலர் கேஜை நுழைத்து நெம்பக் கூடாது. டப்பாவைத் திறந்ததும் பீங்கானில் கீறல் இருக்கிறதா, கொம்புகள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். போலிப் பிளக் சந்தையில் உலாவுகிற சாமான், ஆகவே பில் போட்டுக் கொடுக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். கீழே விழுந்த பிளக் எவ்வளவு புதிதானாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். உள்ளே விட்ட மயிரிழைக் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

பிளக் குழாய்க்கான ஓ-ரிங்குகளையும் (எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) முன்னாலேயே வரவழைத்து வையுங்கள். குழாய் ஒன்றுக்குப் பெரிசு ஒன்று, சிறிசு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. ஏன் என்பது பின்னால் வரும். பிளக்கைக் கழற்றிய பிறகு எண்ணெய்க் குளத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் போட்டால், பார்சல் வரும் வரை கார் ஸ்டாண்டின் மேலேயே நிற்கும்.

கருவிகளில் 16 மி.மீ. பிளக் சாக்கெட் முதலாவது. உள்ளே ரப்பர் வைத்தது அல்லது காந்தம் வைத்தது. காந்தம் இருந்தால் இன்னும் நல்லது. 75, 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன்கள், ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட், தலை சிறுத்த ராட்செட். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் போல்ட்டுக்கு 5 மி.மீ. ஆலன். உங்களுக்கு முன் காரை வைத்திருந்தவர் வேறு போல்ட் போட்டிருக்கக் கூடும், எனவே தலையைப் பார்த்துவிட்டுக் கருவியை வையுங்கள். சக்கரத்துக்கு 19 மி.மீ. சாக்கெட், பூட்டுப் போல்ட்டுக்குரிய அடாப்டர். இந்த அடாப்டர் முன் டிக்கியில் டூல் பையில் இருக்கும். இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.

இறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இரண்டு வேண்டும். சக்கரத்துக்கான அரை இஞ்ச் பெரிய ரெஞ்ச்சை வைத்து 30 நியூட்டன் மீட்டர் அளக்க முடியாது. அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் அது சரியாகச் சொல்லாது. 10 முதல் 60 வரை அளக்கும் 3/8 இஞ்ச் ரெஞ்ச் ஒன்று தனியாக இருக்கட்டும். கடன் வாங்கியதாக இருந்தால், வேலை முடிந்ததும் அளவை அதன் ஆகக் குறைந்த கோட்டுக்கு இறக்கித் திருப்பிக் கொடுங்கள். அழுத்திவைத்த ஸ்பிரிங் அப்படியே கிடந்தால் அளவு தப்பும்.

இன்னும் மூன்று சாமான், மூன்றும் நம்ம ஊரிலேயே சுலபம். ஒன்று, ஜாக்குக்கும் காரின் ஜாக் பாயிண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு நைலான் கட்டை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் ஜாக்கின் கிண்ணத்தை அளந்து கொடுத்தால் கடைந்து தருவார்கள். ஜாக்கின் இரும்பு நேராகப் பட்டால் அடிப்பகுதி நசுங்கும். இரண்டு, பைக்கின் பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் நீளம், பிளக்கின் தலையில் இறுக்கமாக ஏறுகிற அளவில். மூன்று, நாமக்கல் முட்டை வரும் அட்டைத் தட்டு ஒன்று. ஆறு குழிக்கு 1 முதல் 6 வரை எண் எழுதி வையுங்கள்.

துடைக்கத் துணி? பட்டறைகளில் எல்லாம் கிடப்பது திருப்பூர் பனியன் வேஸ்ட். கை துடைக்க அது போதும், பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வெட்டின ஓரத்திலிருந்து பஞ்சும் நூலும் பிரிந்து உள்ளே போகும். அதற்கு நெய்த பருத்தித் துணி, பழைய வேட்டித் துண்டு நல்லது.

இடமும் நேரமும்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின இரவு நிறுத்திய கார், காலையில் வேலை. சூட்டில் அலுமினிய மரை மென்மையாக இருக்கும், பிளக்கோடு உரிந்து வரும் ஆபத்து அப்போதுதான் அதிகம். பக்கத்திலேயே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, ஓடி முடித்து ஒரு மணி நேரமானாலும் கையைச் சுடும்.

ஆடிக் காற்றில் திறந்த போர்ட்டிகோவில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சியிலிருந்து பல்லடம் வரை மண்ணை வாரிக்கொண்டு போகும். மூன்று பிளக் ஓட்டை திறந்திருக்கும் நேரத்தில் ஒரு பிடி தூசி உள்ளே போனால் போதும். கதவு உள்ள ஷெட், அடித்தளம் சிமெண்ட். முதல் முறை செய்கிறவர் அரை நாள் ஒதுக்குங்கள்.

தூக்குவதில் ஒரு விஷயம் பலருக்கும் தோன்றாது. இந்தக் கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கிறது. நாம் தூக்கப்போவதும் பின் பக்கம். பின் சக்கரம் தரையை விட்டதும் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் பயனில்லை, கியரில் விட்டிருந்தும் பயனில்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுத்தான் ஜாக்கைத் தொட வேண்டும்.

அடுத்த சிக்கல், ஜாக் வைக்கும் அதே இடம்தான் ஸ்டாண்ட் வைக்க வேண்டிய இடமும். தூக்கிய ஜாக்கை எடுக்காமல் ஸ்டாண்டை நுழைக்க முடியாது. ஒரே இடத்தில் தூக்கி, அதிலேயே தாங்கி நிற்கிற வகை ஸ்டாண்டுகள் இதற்கென்றே வருகின்றன. அது இல்லாவிட்டால், தெரிந்த பட்டறையில் இரண்டு கால் லிஃப்டை அரை நாளுக்கு வாடகைக்குக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. லிஃப்டில் நின்றுகொண்டு செய்தால் கையும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும், வேலையின் தரமே மாறும். எது கிடைத்தாலும் சரி, வெறும் ஜாக்கை நம்பி அடியில் தலையை நுழைக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது, சொல்லாமல் கொள்ளாமல் பொடிந்து உட்காரும்.

சக்கரப் போல்ட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்தி, பிறகு தூக்கிக் கழற்றுங்கள். நட் இல்லை, போல்ட்; எல்லாம் கழன்றதும் சக்கரம் தொங்க எதுவும் இருக்காது. டூல் பையில் நீளமான குச்சி மாதிரி வழிகாட்டி இருந்தால் ஒரு போல்ட் இடத்தில் அதைத் திருகி, அதன் மேல் சக்கரத்தை வழுக்கி எடுங்கள், பிரேக் டிஸ்க்கில் ரிம் இடிக்காது.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். முன் டிக்கி பேட்டரிக் கரண்டில் திறக்கும் மாடல் என்றால், மைனஸ் கழன்றிருக்கும் வரை அந்த மூடியைச் சாத்தவே கூடாது. சாத்தினால் பேட்டரி உள்ளே, திறக்கும் கரண்ட்டும் உள்ளே.

கழற்றுவது

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். சக்கர இடைவெளியில் டார்ச்சைப் பிடித்தால், எஞ்சின் ஹெட்டின் மூடியான கேம் கவரின் மேல் வரிசையாக மூன்று கறுப்புக் காயில்கள் தெரியும். சில மாடல்களில் அவற்றின் மேல் மெல்லிய தகட்டுக் கவசம் இருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓடும் ஆக்சிஜன் சென்சார் ஒயரைப் பிடிமானமாகப் பிடிக்காதீர்கள்.

காயிலின் கனெக்டரில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அழுத்திக்கொண்டு இழுத்தால் வரும். வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் நாக்கு முறியும். முறிந்த நாக்குள்ள கனெக்டர் மாட்டினாலும் நிற்பதாகத்தான் தோன்றும், ஆழியாறு தாண்டி வால்பாறையின் நாற்பது கொண்டையூசி வளைவு ஏறும்போது ஆடிக் கழன்று, அந்தச் சிலிண்டர் எரியாமல் மிஸ் அடிக்கும். முதலில் கனெக்டரை உள்பக்கமாக லேசாகத் தள்ளி, பிடி தளர்ந்ததும் நாக்கை அழுத்தி, கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல.

ஆலன் கீயை வைக்கும் முன் போல்ட் தலைக்குள் அடைந்த மண்ணை ஊசியால் கிளறி எடுங்கள். கீ அடிவரை உட்காராமல் திருகினால் தலை வழுக்கி உருண்டையாகிவிடும். இரண்டு போல்ட்டும் வந்ததும் காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகியபடியே வெளியே இழுங்கள். காயிலின் முனையிலுள்ள ரப்பர் பூட் பிளக்கில் ஒட்டியிருந்தால், நேராக இழுத்தால் கிழிந்து பாதி உள்ளேயே தங்கும்.

வெளியே வந்த காயிலை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். இந்தக் கார்களில் காயில் அடிப்பக்கத்தில், ரோட்டின் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் சூடு, மறுபக்கம் மழைத் தண்ணீர். பிளாஸ்டிக் உடம்பில் நீளவாக்கில் வெடிப்பு விடும். நகத்தை வைத்து ஓட்டினால் தட்டும். வெயில் காலத்தில் அந்தக் காயில் நன்றாகவே வேலை செய்யும். ஆனி, ஆடி மழையில் கரண்ட் வெடிப்பு வழியாக இரும்புக்குத் தாவும், எஞ்சின் குலுங்கும், செக் லைட் எரியும். வெடித்த காயிலுக்கு டேப் சுற்றுவது மருந்தல்ல, மாற்றத்தான் வேண்டும். ஒரு காயில்மேல் சந்தேகம் இருந்து உறுதி இல்லை என்றால், அதை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஸ்கேனரில் பாருங்கள். இரண்டாவது சிலிண்டரின் மிஸ்ஸைச் சொல்லும் பி0302 என்ற பிழை எண், காயிலை ஐந்தாவதுக்கு மாற்றியதும் பி0305 என்று கூடவே போனால் குற்றவாளி காயில்தான். எண் அதே இடத்தில் நின்றால் பிளக், இன்ஜெக்டர், ஒயர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

காயில் எடுத்ததும் பிளக்கில் கை வைக்காதீர்கள். குழிக்குள் காற்றடிக்க வேண்டும். மண், ரப்பர்த் துகள், காய்ந்த இலை எல்லாம் பிளக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், பிளக் வெளியே வந்த நொடியில் அதெல்லாம் சிலிண்டருக்குள் போகும். கம்ப்ரஸர் இல்லாத ஷெட் நம்ம பக்கம் குறைவு. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், குப்பை திரும்பி முகத்தில்தான் வரும்.

இப்போது சாக்கெட். பட்டறையில் மேசைமேல் சாக்கெட், எக்ஸ்டென்ஷன், ராட்செட் எல்லாம் பூட்டி எடுத்துப்போனால் நுழையாது. ஹெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இடம் அவ்வளவுதான், 911-இல் இன்னும் நெருக்கம். முதலில் சாக்கெட்டை மட்டும் குழிக்குள் தள்ளுங்கள். பிறகு எக்ஸ்டென்ஷனை அதில் பூட்டுங்கள். தேவையானால் யுனிவர்சல் ஜாயிண்ட், கடைசியில் ராட்செட். கழற்றும்போது இதற்கு எதிர் வரிசை. எக்ஸ்டென்ஷன் கழன்று சாக்கெட் மட்டும் பிளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே தங்குவது அடிக்கடி நடக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் வராது.

முதல் கால் சுற்று இறுக்கமாக இருந்து, 'டக்' என்று விட்டு, பிறகு சுலபமாக வந்தால் எல்லாம் சரி. கால் சுற்று வந்த பிறகும் கரகரவென்று பிடித்தால் நிறுத்துங்கள். அங்கேதான் மரை போகிறது. ஊடுருவும் எண்ணெய் சில துளி விட்டு அரை மணி காத்திருந்து, கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்றுப் பின்னே என்று ஆட்டி ஆட்டிக் கொண்டுவர வேண்டும். பலத்தால் ஜெயிக்கிற இடம் இதுவல்ல. பிளக் வந்ததும் முட்டைத் தட்டில் அதற்குரிய குழியில் வைத்து, எஞ்சின் ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி வையுங்கள்.

தட்டில் இருக்கும் ஆறு பிளக்கும் சொல்வது

சொந்தமாகச் செய்வதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். வெளியில் கொடுத்தால் பழைய பிளக் குப்பைக்குப் போய்விடும், எஞ்சினைப் பற்றிய ஆறு சாட்சியும் அதோடு போகும். ஆறையும் வரிசையாக வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

முனைப் பீங்கான் இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எரிப்பு நன்றாக நடக்கிறது. விரலில் ஒட்டும் காய்ந்த கரி என்றால், எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டியது, அல்லது பெட்ரோல் கலவை அதிகம். வெளுத்துப்போய்ச் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் அதிகச் சூடு: காற்று எங்கேயோ ஒழுகிக் கலவை மெலிந்திருக்கலாம், அல்லது வேறு வெப்ப எண் பிளக் போட்டிருக்கிறார்கள். பீங்கான்மேல் மிளகுப்பொடி தூவியது போல நுண்ணிய புள்ளிகள் இருந்தால் நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிப்பது, நடந்திருக்கிறது. இந்த எஞ்சினுக்குப் போர்ஷே சொல்வது 98 ஆக்டேன், பங்க்கில் கிடைக்கிற உயர் ஆக்டேன் பெட்ரோலுக்குக் குறைவாகப் போடக் கூடாது.

பீங்கானின் வெளிப்பக்கம், இரும்பை ஒட்டி, பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். புகை கசிந்திருக்கிறது என்று பலரும் பயப்படுவார்கள். அது உயர் மின்னழுத்தத்தால் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துகள் பீங்கானில் ஒட்டிய கறை, கோளாறு இல்லை.

கவனமாகப் பார்க்க வேண்டியது எண்ணெய் ஈரம். சிலிண்டர் படுத்திருப்பதால், பல நாள் நின்ற காரில் கொஞ்சம் எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி உள்ளே வரும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு வாய் நீலப் புகை விட்டு அடங்குவது இதனால்தான். ஒரு பிளக் கொஞ்சம் ஈரமாக இருந்தால் அதோடு விடலாம். ஆனால் ஒரு பக்க மூன்றும் சாம்பல் நிறமாகவும், மறுபக்கத்தில் ஒன்றோ இரண்டோ கறுத்து எண்ணெயோடும் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். இந்த எஞ்சின் குடும்பத்தில் சிலிண்டர் சுவர் உரசிக் கோடு விழும் நோய் உண்டு. 4, 5, 6 இருக்கும் இரண்டாவது வரிசையில்தான் அது அதிகம் வருகிறது. குளிர்ந்த எஞ்சினில் டக் டக் என்ற சத்தம், ஒரு பக்க எக்ஸாஸ்ட் குழாய் மட்டும் கரி பிடித்தல், எண்ணெய் குறைதல் இவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் பலமாகிறது. பிளக் வெளியே இருக்கும் இந்த நேரத்தில், போனில் மாட்டும் சின்னக் கேமரா ஒயரை உள்ளே விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கிச் சுவரைப் பாருங்கள். நுண்ணிய குறுக்குக் கோடுகள் இருக்க வேண்டியவை. நீளவாக்கில் ஆழமான கறுப்புக் கோடு இருந்தால் அந்த எஞ்சினை நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டாமல் மேற்கொண்டு விரட்டி ஓட்டாதீர்கள். பிளக் ஓட்டை வழியாகச் சுவர் முழுவதும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

முனை காய்ந்து, பிளக்கின் வெளிப்பக்கமும் காயிலின் ரப்பர் பூட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால் அது வேறு விஷயம், பயப்பட வேண்டியதில்லை. பிளக் உட்காரும் பிளாஸ்டிக் குழாயின் ஓ-ரிங் இறுகி, கேம் கவருக்குள்ளிருக்கும் எண்ணெய் குழிக்குள் இறங்குகிறது. அப்படியே விட்டால் எண்ணெய் பூட்டின் ரப்பரை ஊதவைத்துக் காயிலைக் கெடுக்கும். குழாயைப் பிடித்து இழுக்கத் தனிப் புல்லர் உண்டு. உள்ளே விட்டுத் திருகினால் விரியும் ரப்பர் முனையும் உதவும். அடியில் தட்டு வையுங்கள், கொஞ்சம் எண்ணெய் கொட்டும். புது ஓ-ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவி, குழாயை நேராக அழுத்தினால் உட்காரும். காய்ந்த ரிங்கை மாட்டி அழுத்தினால் முறுக்கிக்கொண்டு மறுபடி ஒழுகும்.

மாட்டுவது

புதுப் பிளக்கின் மரையில் எதுவும் தடவ வேண்டாம். மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பசை, கிரீஸ், எண்ணெய் எதுவும் கூடாது. பிளக்குகள் பூச்சு போட்டே வருகின்றன. பசை தடவிய மரை வழுக்கும். டார்க் ரெஞ்ச் 30 காட்டும்போது உண்மையில் அதைவிட அதிகமாக இறுகியிருக்கும், மரை இழுபடும்.

பெட்ரோல் ஹோஸ் இப்போதுதான் வேலைக்கு வருகிறது. பிளக்கின் தலையை ஹோஸில் சொருகி, குழிக்குள் விடுங்கள். படுத்திருக்கும் ஓட்டையில் பிளக்கின் கனம் முனையைக் கீழே சாய்க்கும், மரை கோணலாகப் பிடிப்பது அதனால்தான். எனவே ஹோஸைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து முனையை நிமிர்த்தி, முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். மரையின் வாய் வாயோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன 'டொக்' விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். சரியாகப் பிடித்திருந்தால் விரலின் பலத்திலேயே ஐந்தாறு சுற்றுப் போகும். கோணலாக இருந்தால் ஹோஸ் வழுக்கும், பிளக் நகராது. ஹோஸின் அருமை அதுதான்: மரையைக் கெடுக்கும் அளவுக்கு அதற்குப் பலம் இல்லை. அந்த இடத்தில் ராட்செட் இருந்திருந்தால் அது வெட்டிக்கொண்டே போயிருக்கும்.

வாஷர் ஹெட்டைத் தொட்டதும் பிளக் நிற்கும். ஹோஸை எடுத்து, சாக்கெட்டும் டார்க் ரெஞ்சும் வைத்து 30 நியூட்டன் மீட்டர். முதலில் ஸ்பிரிங்கை அழுத்துவது போல மெத்தென்று போகும். அது புது வாஷர் நசுங்குவது. பிறகு சட்டென்று கெட்டியாகி ரெஞ்ச் 'க்ளிக்' என்னும். ஒரு க்ளிக் போதும், "இன்னும் ஒரு தடவை" என்று அழுத்த வேண்டாம். இடமில்லாமல் ரெஞ்ச் நுழையவே முடியாத ஒரு பிளக் இருந்தால், புது வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்குக் கையால் உட்கார்ந்த பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று என்பது கணக்கு. தளர்வாக விட்டாலும் கெடுதல்தான். பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்குவது அந்த வாஷர் வழியாகத்தான், இறங்காத சூட்டில் முனை வெந்துபோகும்.

காயில் பூட்டின் உள்வாயில் மட்டும் பயறளவு சிலிக்கான் கிரீஸ் தடவினால் அடுத்த முறை ஒட்டாமல் வரும். காயிலைத் தள்ளும்போது பிளக் தலையைப் பிடிக்கும் உணர்வு கைக்குத் தெரிய வேண்டும். போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் கேம் கவரின் மரை போகும். கனெக்டர் 'டிக்' என்று பூட்டியதும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். துணிகளை எண்ணுங்கள்.

மரை போய்விட்டால்

ஹெட்டின் மரை பிளக்கோடு வந்துவிட்டால், பிசின் போட்டு ஒட்டப் பார்க்காதீர்கள். ஓட்டையைப் பெரிதாக்கி எஃகு மரை வளையம் பதிப்பதுதான் வழி. சுருள் கம்பி வகையைவிட முழு வளையமாக வரும் டைம்செர்ட் வகை பிளக்குக்கு நல்லது. கோவையில் இதைச் செய்யக் கை தேர்ந்த டர்னர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எஞ்சின் காரிலேயே இருக்கும்போது செய்தால், வெட்டின அலுமினியச் சீவல் படுத்திருக்கும் சிலிண்டரின் அடிச்சுவரில் தங்கிவிடும். மரை வெட்டும் டேப் கருவியின் பள்ளங்களில் கெட்டியாகக் கிரீஸ் அப்பி, கால் சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்து, முடிந்ததும் உள்ளே உறிஞ்சி எடுத்துக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். பீங்கான் உடைந்து துண்டு உள்ளே போயிருந்தாலும் இதே கதை. துண்டு கண்ணுக்குச் சிக்கி வெளியே வரும் வரை ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது.

ஸ்டார்ட்

சக்கரத்தை மாட்டி, போல்ட்டுகளைக் கையால் குறுக்கு வரிசையில் உட்காரவைத்து, காரை இறக்கிய பிறகு 130 நியூட்டன் மீட்டர். பேட்டரி மைனஸை மாட்டுங்கள். கண்ணாடிகள் தாமாக இறங்கி ஏறுவதை மறந்திருக்கும். சுவிட்சை மேல்பக்கம் இழுத்து முழுக்க ஏறியதும் விட்டு, இன்னொரு முறை இழுத்துப் பிடித்தால் கற்றுக்கொள்ளும்.

ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங் முதல் சில நிமிஷம் ஏறி இறங்குவது சகஜம், கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறந்து புதுசாகப் போடுகிறது. ஆனால் ஒரே சீராகக் குலுங்கினால் அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரு கனெக்டர் பூட்டவில்லை, அல்லது ஒரு காயில் பிளக்கில் உட்காரவில்லை. மிஸ் அடிக்கும் எஞ்சினை "ஓட ஓடச் சரியாகும்" என்று ஓட்டினால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அதை உருக்கிவிடும். ஸ்கேனரை மாட்டி பி0300 முதல் பி0306 வரை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு, நல்ல சூடு ஏறும் வரை சமதளத்தில் ஓட்டி, பின் ஒரு மேட்டில் உயர்ந்த கியரில் மெதுவாக இழுக்கவிட்டுப் பாருங்கள். பலவீனமான காயில் ஐடிலிங்கில் ஒளிந்துகொள்ளும், மேட்டில்தான் காட்டிக்கொடுக்கும்.

சுமார் நூறு கிலோமீட்டர் போன பிறகு சக்கரப் போல்ட்டுகளை மறுபடி ஒரு முறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். முட்டைத் தட்டில் இருக்கும் பழைய பிளக் ஆறையும் தூக்கிப் போடாதீர்கள். தட்டின் ஓரத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, ஷெட்டின் அலமாரியில் வையுங்கள். நாலு வருஷம் கழித்து அடுத்த ஆறைக் கழற்றும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.